அக்கண்டி

மாங்குளம் சந்தியில் என் தயிர்க்கடைக்கு
தண்டவாளம் போட வந்தவன் ஒருத்தன்
வேர்த்து விறுவிறுத்து வந்து "பானி" என்றான்.
கித்துள் பாணிப் போத்தலைத் திறந்து
ஒரு கிளாஸ் நிறைய வார்த்துக் கொடுத்தேன்.
ஒரே மடக்கில் குடித்தவன்
தொண்டை ஒட்டி நின்ற நிலை
இப்ப நினைத்தாலும் சிரிப்பு.

ஜோகிந்தர் மண்டல் அவன் பேர்.
சிலிப்பர் தூக்கும் முப்பது பேருக்கும்
இந்தி தெரியும்,
ஒருத்தர் வீட்டிலும் அது இல்லையாம்.
பாதிப் பேர் போஜ்புரி. நாலைந்து பேர் ஒடியா.
இவனுக்கு மைதிலி. தர்பங்காவுக்குக் கிழக்கே,
ஆறு வருசாவருசம் வரம்பைத் தின்கிற இடம்.
மேசையில் சிந்திய பாணியை விரலால் இழுத்து
ஆற்றைக் கீறிக் காட்டினான்:
இந்தக் கரையில் ஒரு பேச்சு,
அந்தக் கரையில் கொஞ்சம் வேறு.
எறும்பு வருமுன் நான் துடைத்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் பார்சலைப் பிரித்து
"பாத்" என்றான், பசியோடு.
காவலரணிலிருந்து தயிருக்கு வந்த அசேல
சட்டென்று திரும்பினான்.
"பத்?"
"பாத்."
பிறகு கம, காம்.
நம, நாம்.
கடதாசி விளையாடுகிறவர்கள் போல
ஒவ்வொரு சொல்லாய்ப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள்.
என் கடையில் வைத்து, என் கதிரையில் இருந்து,
இரண்டு பேர் சொந்தம் கண்டுபிடித்தார்கள்.
சோறு, ஊர், பேர் என்று
நானும் சொல்லிப் பார்த்தேன்,
வாய்க்குள்ளே.

நயினாதீவுக்குப் போகிற பஸ்கள் நின்று நின்று
என் காது தேறிவிட்டது.
தகப்பனை அப்பச்சி என்றால் கண்டிப் பக்கம்.
முதல்தரம் கேட்டபோது
தமிழ்ப் பிள்ளையோ என்று எட்டிப் பார்த்தேன்.
இளந்தாரி ஒருத்தனைத் தாத்தா என்றால்
அது கீழ்நாடு, கடற்கரை.
பதவியாக்காரர் கதைப்பது
சேற்று வரம்பில் நடக்கிற மாதிரி,
ஒவ்வொரு சொல்லும் கால் வைத்துப் பார்த்துத்தான்.

ஆனால் அந்த ஒரு சொல்லை
நான் வேறு இடத்தில் வைத்திருந்தேன்.

முகாமில் இருந்த காலம்.
பக்கத்துக் கூடாரத்து மனிசியின் போனுக்கு வந்தது.
பதினெட்டு செக்கன்.
ஆம்பிளைக் குரல், சிங்களம்.
எனக்கு அப்ப ஒரு எழுத்தும் தெரியாது.
குகதீபன் என்றான். என் தம்பியின் பேர்.
இடையில் என்னவோ.
கடைசியில், அக்கண்டி.
கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு நிரப்பிய எல்லாப் படிவத்திலும்,
செஞ்சிலுவைக்கு, ஆணைக்குழுவுக்கு, இன்னொரு ஆணைக்குழுவுக்கு,
கடைசியாக அறியப்பட்ட இடம் என்ற கட்டத்தில்
அக்கண்டி என்றே எழுதினேன்.
ஒரு கிளார்க் வரைபடத்தை விரித்துத் தேடினார்.
அக்குரஸ்ஸ இருக்கு, அம்மா,
அக்கரைப்பற்று இருக்கு,
இது இல்லை.
வடிவாய்ப் பாருங்கோ என்றேன்.

போன கிழமை தயிர்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அசேல,
"அக்கண்டி, சல்லி ஹெட்ட தென்னங்."

கையிலிருந்த மூடி விழுந்து
றோட்டு வரைக்கும் உருண்டது.

என்ன சொன்னாய்?
காசு நாளைக்கு என்றான், பயந்து.
இல்லை, அதுக்கு முதல்?
அது அக்காதான், அவ்வளவுதான்.
ஹக்மனையில் எங்கட வீட்டில் அப்படித்தான்.
அயியண்டி, நங்கியண்டி.
எங்கேயெல்லாம் அப்படிக் கூப்பிடுவார்கள்?
காலி, மாத்தறை... பெந்தோட்டை ஆறு தாண்டினால் கேட்கும்.
அந்தப் பக்கம் எதுவரைக்கும்?
வளவை கங்கை மட்டும், இன்னும் அங்காலேயும்.
ஏன் கேட்கிறாய்?

சும்மா.

கலண்டரின் பின்பக்க வரைபடத்தில்
அந்த இரண்டு ஆற்றுக்கும் நடுவே கையை வைத்தேன்.
என் மூன்று விரல் மூடிவிட்டது.

சிறைக்காவலனோ, ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவனோ,
லொறிக்காரனோ.
பதினெட்டு செக்கனில்
அக்கா என்று கூப்பிடவும் நேரம் எடுத்தவன்.

அசேல மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான்.
நோட்டை எண்ணாமல் வாங்கி,
முகத்தை மற்றப் பக்கம் திருப்பி,
இன்னொருக்காச் சொல்லு என்றேன்.
சொன்னான்.
அந்தக் குரல் இல்லை.
அந்தச் சொல்தான்.