கால்சட்டையின் எடை

மாங்கிளையில் தராசு தொங்கியது.
வட்ட முகம், ஒற்றை முள், அடியில் கொக்கி,
கொக்கியில் நீலத் துணிக் கால்சட்டை.
பிள்ளையை அதற்குள் இறக்கிக் கையை எடுத்துவிட வேண்டும்.
உதைக்கும், கத்தும், முள் ஆடும்.
ஆட்டம் நிற்கிற அந்த ஒரு நொடியில்
எண்ணைப் படிப்பது என் வேலை.

மலாவியின் தெற்கு வால்,
ஷிரே ஆறு சேறாகிக் கிடக்கும் பக்கம்.
ஆறு வார விடுப்பு, சொந்தச் செலவில் விமானம்,
நான்கு தடுப்பூசி, முதுகில் அச்சடித்த மஞ்சள் சட்டை.
நான் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன்.
பதினொரு ஊருக்கும் ஒரே சைக்கிளில் போகும்
சுகாதார ஊழியர் காம்வெந்தோ எழுதுவார்.
பதிவேட்டில் வயதுக்கொரு சிவப்புக் கோடு.
கோட்டுக்குக் கீழே என்றால்
வாரத்துக்குப் பதினான்கு பொட்டலம் கடலைப் பசை.
மேலே என்றால் ஒரு கைதட்டல்.

கைதட்டலை ஆரம்பித்துவைத்தது நான்தான்.

முதல் வாரம், எனெலெசியின் மகள் தியாமிகே.
ஏழு கிலோ ஐம்பது கிராம்.
கோட்டை நகக்கண் அளவு தாண்டியிருந்தாள்.
தட்டினேன். எல்லாரும் தட்டினார்கள்.
எனெலெசி தட்டவில்லை.
பிள்ளையை முதுகோடு துணியில் முடிந்துகொண்டு
பொட்டலப் பெட்டியை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம், மதியம்.
பெண்கள் கலைந்துவிட்டார்கள்.
மசாவு என்று அங்கே சொல்லும் இலந்தையைத் தின்று
கொட்டை துப்பிக்கொண்டிருந்தேன்.
காற்றில்லை.
வெறும் கால்சட்டை தொங்கியது.
முள் இருநூறில் நின்றது.

உள்ளே யாரும் இல்லை. இருநூறு.

தராசின் தலையில் ஒரு திருகு உண்டு.
கால்சட்டையை மாட்டியபின்
முள்ளைச் சுழியத்துக்குத் திருப்ப வேண்டும்.
முதல் நாளே சொல்லித் தந்தார்கள்.
நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் படம் கைபேசியில் இருக்கிறது:
நீலக் கால்சட்டை, மாமரம், நல்ல வெளிச்சம்.
அலுவலகத்தில் ஐம்பத்தேழு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.
பெரிதாக்கினேன்.
முள் தெளிவாகத் தெரிகிறது.

கால் பவுன் மோதிரம் வாங்கினாலும்
கடைக்காரரை நிறுத்தி, தட்டைக் காலியாக்கி,
சுழியம் காட்டச் சொல்கிறவள் நான்.

அறுபத்து மூன்று பிள்ளைகள்.
அன்றிரவு தனித்தாளில் ஒவ்வொருவராகக்
கால்சட்டையைக் கழற்றினோம்.
ஒன்பது பேர் கோட்டுக்குக் கீழே இறங்கினார்கள்.
காம்வெந்தோ திட்டவில்லை.
விளக்கைக் கிட்டே நகர்த்தி,
"என் கண்ணும் ஏட்டிலேயே இருந்துவிட்டது" என்றார்.
திட்டியிருக்கலாம்.

பெப்பானி. மன்னிப்புக்கு அவர்கள் சொல்.
சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.
எனெலெசி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.
கேட்டாள். முறம் நின்றது.
"அப்போ இத்தனை நாளும்
என் பிள்ளை கால்சட்டையையா தின்றாள்?"
பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள், இவளும் சிரித்தாள்.
இவள் முதலில் நிறுத்தினாள்.
கை நீட்டினாள். பதினான்கு எண்ணி வைத்தேன்.
கை அப்படியே இருந்தது.
"பழைய பாக்கி?"

விதியில் பாக்கிக்கு இடமில்லை.
காம்வெந்தோ குனிந்து சைக்கிள் சங்கிலியைப் பார்க்கத் தொடங்கினார்.
அது கழன்றிருக்கவில்லை.
இன்னும் இருபத்தெட்டு எண்ணினேன்.
சேதம் என்று எழுதிக்கொண்டோம். காரணம்: எலி.
ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினாள்.
நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்வாள்?

எட்டு வீடு கிடைத்தது.
ஒன்பதாவது வீட்டுக் கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது.
பருத்தி எடுக்கும் கூலிக்கு
மொசாம்பிக் பக்கம் போய்விட்டார்களாம்.
ஆளுக்கொரு ஊர்ப் பெயர் சொன்னார்கள்.
பிள்ளையின் பெயர் லூசியானோ, பதினோரு மாதம்.
கைதட்டலுக்குச் சிரித்தவன்.

பதிவேட்டைக் காம்வெந்தோ திறந்து பிடித்தார்.
ஏழு கிலோ முந்நூறு. அடித்தேன்.
ஏழு கிலோ நூறு.
பிள்ளை அங்கே இல்லை.
பென்சிலால் அவனிடமிருந்து
இருநூறு கிராம் எடுத்துக்கொண்டேன்.