தன்மை ஒருமை

எண்பது பக்கக் கொப்பியில்
முதல் சொல்லாய் ‘நான்’ என்று எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.
‘ஏறினேன்’ என்றாலே போதுமே,
வால்பக்கமாய் நானும் ஏறிவிடுகிறேன்,
வெள்ளவத்தையில் நூறாம் நம்பர் பஸ்ஸின்
மிதிபலகையில் தொற்றுகிற பெடியன்களைப் போல.

கொண்டக்டரிடம் ‘மம’.
ஆங்கில வகுப்பில் ‘ஐ’.
வீட்டுக்கு ஆட்கள் வந்தால் வெறும் தலையாட்டல்.

முதல் அத்தியாயத்தை ஷிஃபானா
ரியூசன் மேசைக்கடியில் வைத்து வாசித்தாள்.
“ஒண்ட ஆளு நியூஸ் வாசிக்கிற மாதிரி ஈக்கிறா.
பதினேழு வயசுல யாருடி ‘வினவினேன்’ எண்டு செல்லுற?”
வினவியதை எல்லாம் கேட்டதாக்கினேன்.
‘ஆயினும்’ பதினொன்று இருந்தது. போயிற்று.

ஒரு வசனத்தில் மட்டும் கை நின்றது:
‘அப்போது எனக்குத் தெரியவில்லை.’
பெரியவர்கள் எழுதும் சின்ன வயதுகளில் எல்லாம் வரும்.
தெரிந்த பிறகு ஏறி நின்று
கீழே பார்த்துச் சொல்வது.
எதிர் ஒழுங்கையில் எழும்பும் ஃபிளாட்டுக்கு
ஆறாம் மாடி இன்னும் போடவில்லை,
எனக்கும்தான்.
மனமில்லாமல் அதையும் வெட்டினேன்.

நாலாம் அத்தியாயம் அம்மாவின் கையில் அகப்பட்டது.
ஸ்டேஷன் வாங்கு, மழை, கிருஷாந்தின் ஈர முழங்கை.
“ஆர் இந்தப் பெடியன்?”
கதையம்மா.
“ஆர் இந்த நான்?”
கதைசொல்லி. அது வேற ஆள்.
“வேற ஆளெண்டா உன்ர சிவப்புக் குடை
அவளின்ர கையில என்ன செய்யுது?”

அன்றிரவே அவளை ‘அவள்’ ஆக்கினேன்.
அவள் நின்றாள். அவள் நனைந்தாள். அவள் வெட்கப்பட்டாள்.
பொலிஸில் கொடுத்த முறைப்பாடு மாதிரி இருந்தது.
யாரோ ஒருத்தி எதிர் மேடையில் நிற்க
எனக்குக் குளிரவே இல்லை.
விடியமுன் திரும்பவும் நானானேன்.
குடையை மட்டும் நீலமாக்கினேன்.

ஞாயிறு காலை கொப்பி என் தலையணையில் கிடந்தது.
நாலாம் அத்தியாயத்தின் ஓரத்தில்
பென்சிலால், பால்கணக்கு எழுதுகிற அதே கையெழுத்து:

“மழை கடல்பக்கத்தால அடிக்கும்.
அந்த வாங்கில இருக்கேலாது.
டிக்கெட் ஜன்னலடியில ஒதுங்கவேணும்.”

எழுவாயைத் தேடினேன்.
வினைகளின் வாலையும் புரட்டிப் பார்த்தேன்.
ஆளே இல்லை.

குசினியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
வாங்கை அடித்துவிட்டு
டிக்கெட் ஜன்னல் என்று எழுதினேன்.