பாதிக்குப் பாதி

பனி வாரும் வண்டியின் பின்னாலேயே
ஏழு மணி நேரம் ஓட்டி வந்தாளாம், செயின்ட் ஜான்ஸிலிருந்து.
டெல்ஃபின். மரபணு ஆலோசகர்.
பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு
என் சமையலறை மேசையின் ரொட்டித் தூளை ஒதுக்கி
ஒரு பெரிய தாளை விரித்தாள்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
இறந்திருந்தால் குறுக்கே ஒரு சாய்கோடு.
அந்த நோய் என்றால் உள்ளே கறுப்பு.

எங்கள் குடாவில் சாவுக்கு இரண்டே பெயர்:
கடல், வயிறு.
கடல் கொண்டுபோனவர்களுக்குக் கல்லில் நங்கூரம் செதுக்குவோம்.
வயிறு கொண்டுபோனவர்களுக்கு வெறும் தேதி.

"ஆர்ச்சிபால்ட் சித்தப்பா?"
"வயிறு. முப்பத்தொன்பது."
"ட்ரைஃபீனா அத்தை?"
"கர்ப்பப்பை."
அந்த வட்டத்தையும் கறுப்பாக்கினாள். ஏனென்று கேட்டேன்.
அதே கிளைதான் என்றாள், தலை நிமிராமல்.
"அப்பா?"
நான் வாய் திறக்குமுன் அண்ணன் செல்பி சொன்னான்:
"நாற்பத்து மூன்று. தூக்கினபோது
ஒரு கூடை மீன் கனம்கூட இல்லை."

பேனா தீர்ந்துபோய் வேறு பேனா எடுத்தாள்.

பிறகு பழக்கவழக்கம்.
புகை? செல்பிக்கு நாளுக்கு ஒரு பாக்கெட்.
மது? சனிக்கிழமை என்றான். மற்ற ஆறு நாளைச் சொல்லவில்லை.
இறைச்சி? மூலையிலிருந்த வாளியைக் காட்டினான்,
உப்பில் ஊறும் மாட்டுக்கறி,
உள்ளளவும் நினைக்கவேண்டிய உப்பு.
காய்கறி? "லாரி வந்தால்."
நடை? "படகில் எங்கே நடப்பது?"

நான் அப்படியில்லை.
ஓட்ஸ், முட்டைக்கோஸ், காலையில் கலங்கரை விளக்கம் வரை நடை.
முதல் பெஞ்சு மாணவி போல
நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னேன்.

"பெற்றவரிடம் இருந்தால்
ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி," என்றாள்.
"நாங்கள் ஆறு பேர். அப்படியானால் மூன்று," என்றான் செல்பி.
"இல்லை. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது.
முன்னவனுக்கு என்ன விழுந்தது என்று
அதற்குத் தெரியாது."

மார்ச்சில் முடிவு வந்தது.
அவனுக்கு இல்லை.
எனக்கு இருந்தது.

மூன்று நாள் அவன் என் பக்கம் வரவில்லை.
வலைக் கொட்டகையில் விளக்கு மட்டும் எரிந்தது.
நான்தான் போனேன். மடியில் கிழியாத வலை,
கையில் ஊசி. "நான் தின்னதற்கெல்லாம்
உனக்குப் பில் போட்டுவிட்டார்கள் உனா," என்றான்.
அப்படியில்லை என்று விளக்கினேன்,
டெல்ஃபின் சொன்ன வார்த்தைகளிலேயே:
அவனுக்கும் ஊராருக்குள்ள ஆபத்து உண்டு,
புகையும் உப்பும் வயதும் அவன் கணக்கிலேதான்.
ஐம்பது வயதானபோது அரசாங்கம் அனுப்பிய மலப் பரிசோதனைப் பெட்டி
எங்கே என்று கேட்டேன்.
ஜன்னல் சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தான்.

குழாய் விடுவதற்கு முந்தின இரவு
நான்கு லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்கவேண்டும்.
கடலையே வெதுவெதுப்பாக்கி எலுமிச்சை பிழிந்தது போலிருக்கும்.
செல்பி வந்தான், எதிரில் உட்கார்ந்தான்,
ஒரு தம்ளர் கேட்டான்.
"உனக்கு வேண்டாம்," என்றேன். குடித்தான்.
ஒரு மணி நேரத்தில்
ஒரே கழிப்பறைக்கு இருவரும் போட்டியிட்டுச்
சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது,
அது சிரிப்பால் மட்டும்தானா தெரியவில்லை.

இரண்டு மொட்டுகள் இருந்தன. எடுத்துவிட்டார்கள்.
கடுகளவு, என்றார் டாக்டர். அடுத்த வருடம் மீண்டும் வா.
அப்பாவுக்கும் இப்படிக் கடுகளவாய் ஒரு வருடம்
இருந்திருக்கும்.

டெல்ஃபின் தாளின் நகலை அனுப்பியிருந்தாள்.
என் வட்டத்தைக் கறுப்பாக்கவில்லை;
நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு.
இறந்தவர் கோடு சாய்ந்திருக்கும்,
இது நிமிர்ந்து நின்றது.

அதன் கீழே ஒரு சின்ன வட்டம்,
உள்ளே ஒரு கேள்விக்குறி:
ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் வேலை பார்க்கும் என் மகள் மார்னி.
போனை எடுத்தேன்.
அங்கே இன்னும் சாயங்காலம்.
மணி அடிக்கிறது.