வளர்ச்சி இல்லை

ஐந்தாவது நாளும் அதே ரத்தம்,
அதே பாட்டில், அதே அலாரம்.
தட்டைத் திறந்தால்
வெண்ணெயைத் தொட்டு வைத்தாற்போல் புள்ளிகள்.
முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி.
பார்க்காமலே வரும்
மாவு புளித்த வாசம்.

பேர் காண்டிடா ஆரிஸ். ஈஸ்ட்டு ஜாதி.
கள்ளுக்கும் ஆப்பத்துக்கும் தூரத்துச் சொந்தம்.
நமக்கும்தான்.
பாக்டீரியா அந்நியன், தனியாகப் பிடித்து அடிக்கலாம்.
இதன் செல்லும் நம் செல்லும் ஒரே கொத்தனார் கட்டியது.
இதன்மேல் எறிகிற கல்
பாதி நம் வீட்டில் விழும்.

பதினொன்றாம் கட்டில், விருமாயன்.
செக்கானூரணியில் லேத் பட்டறை.
டயாலிசிஸுக்குக் கழுத்தில் போட்ட குழாய் வழியே
ஏறியிருக்கிறது.
ஃப்ளுகோனசோல் கொடுத்தார்கள்.
வாங்கித் துப்பிவிட்டது.
பேச்சுக்குச் சொல்லவில்லை,
அதன் தோலில் பம்பு இருக்கிறது.
பேரையூர்க் கிணற்றில் மோட்டார் போட்டாற்போல
ஊறுகிற மருந்தை உடனுக்குடன் இறைக்கும்.
ஆம்போடெரிசின் ஏற்றிய இரவு
கட்டிலே நடுங்கியது.
கிருமி நடுங்கவில்லை.

டாக்டர் ரஹ்மத்நிஷா போனில் கேட்டார்:
"தனித்தனியா மசிய மாட்டேங்குது.
சேர்த்துப் போட்டா என்ன ஆகும்?"

தொண்ணூற்றாறு குழித் தட்டு.
குறுக்கே ஒரு மருந்து, நெடுக்கே ஒரு மருந்து,
குழிக்குக் குழி பாதியாக்க வேண்டும்.
ஒன்று, அரை, கால், அரைக்கால், மாகாணி, அரைவீசம்.
அதற்குக் கீழும் தமிழில் பேர் உண்டு,
எனக்கு வாயில் வராது.
பிப்பெட் பிடித்த கட்டைவிரல்
அன்று ராத்திரி தலையணையையும் அழுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள்
கலங்கல். கலங்கல். கலங்கல்.
காலும் அரைக்காலும் சந்திக்கிற குழியில்
தெளிவு.
அடியில் வைத்த தினசரியின்
பனகல் சாலைப் போக்குவரத்து மாற்றம்
வரிவரியாகப் படிக்க முடிந்தது.
முழுசாக நின்று தோற்ற இரண்டு
துண்டு துண்டாகச் சேர்ந்து ஜெயித்தது எப்படி?
ஒன்று சுவரில் ஓட்டை போடும்,
மற்றது அதன் வழியே நுழையும் என்றார் டாக்டர்.
இருக்கலாம்.

சரி, விருமாயனுக்கு வழி கிடைத்தது.
பன்னிரண்டாம் கட்டிலில் ஏன் முளைத்தது?
ஒன்பதில் அந்தப் பெண்,
கல்லூரி அடையாள அட்டையைத் தலைமாட்டில் வைத்திருந்தவள்,
மருந்து வருமுன்னே போய்விட்டாள்.

பினாயில் வாளியைக் கீழே வைத்துவிட்டு லூர்து சொன்னது:
"கட்டில் கம்பி தொடச்சுர்றேன் மேடம்,
ஸ்டாண்டு, ஸ்விட்சு, கதவுப் பிடி எல்லாம் தொடச்சுர்றேன்.
பிரஷர் பாக்குற பட்டிய
யாரும் தொடைக்கச் சொல்லலையே.
அது பாட்டுக்குக் கை மாறிக் கை மாறிப் போகுது."

ஈரப் பஞ்சால் பட்டியின் உள்பக்கம் தேய்த்துத்
தட்டில் கோடு இழுத்தேன்.
இரண்டாம் நாள், வெண்ணெய்.
பத்து மாநாடு பேசுகிற விஷயம்
ஒட்டுத் துணியின் முள்ளில் உட்கார்ந்திருந்தது.
இப்போது கட்டிலுக்கு ஒரு பட்டி.
மார்க்கரில் எண் போடுவது லூர்துவின் வேலை;
அவரது ஏழு பார்க்க ஒன்று மாதிரி இருக்கும்.

பத்தொன்பதாம் நாள் படிவத்தில் எழுதினேன்:
வளர்ச்சி இல்லை.
பிள்ளையின் எடை அட்டையில்,
தண்ணீர் வராத கடைமடை வயலில்
எழுதினால் வயிறு கலங்குகிற சொல்.
எழுத்து நெளியாமல் நிதானமாக எழுதினேன்.
இறந்தது என்று எழுதவில்லை.
மைனஸ் எண்பதில், பிளாஸ்டிக் குப்பியில்,
விருமாயனின் எண்ணோடு
ஒரு துளி உறங்குகிறது.
நாளைய மருந்தை அதனிடம்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் செக்கானூரணியிலிருந்து போன்.
"இட்லி சாப்பிடலாமா மேடம்?"
"சாப்பிடுங்க."
"மாவு புளிச்சிருந்தா?"
பரவாயில்லை என்று சொல்ல
ஒரு நொடி பிந்தியது எனக்கு.