தப்பில்லாத வட்டம்

ராணிப்பேட்டை சிப்காட், இரவு ஷிப்ட்.
லென்சுக்குக் கீழே ஆட்டுத்தோல் துண்டு.
திரையில் மயிர்க்கால் குழிகள்:
பெரிதாய் ஒன்று, அதை ஒட்டிச் சின்னதாய் இரண்டு,
மறுபடி ஒன்று, இரண்டு,
ரேஷன் கடை வரிசை மாதிரி
கொஞ்சம் வளைந்து போகின்றன.

ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சை வளையம் போடுகிறது
மேல்விஷாரம் அஷ்ஃபாக் எழுதிக் கொடுத்த புரோகிராம்.
ஐம்பத்திரண்டு மைக்ரான். நாற்பத்தேழு. ஐம்பது.
படத்தின் ஓரத்தில் அறுபட்டது கணக்கில் வராது.
அது அவன் வைத்த சட்டம்.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் மாதிரியில்
காம்பஸ் வைத்து இழுத்தது போல ஒரு வட்டம்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிச்சயம் என்றது மெஷின்.
கண்ணாடியை நகத்தால் தட்டினேன்.
நகர்ந்தது.
கிளிசரினில் சிக்கிய காற்றுக்குமிழி.

மயிர் நேராக முளைப்பதில்லை, அஷ்ஃபாக்.
படிந்த பக்கமாகக் குழி நீண்டுதான் இருக்கும்.
உன் வளையம் அதன் மேல்
இரவல் செருப்பு போல நிற்கிறது.

குமிழியை அழித்தேன். இருநூற்றுப் பதினொன்று.
கீழே, இடது மூலையில்
குழியே இல்லாத ஒரு திட்டு.
கருவேல முள்ளோ, உண்ணிக் கடியோ,
ஆறிய இடம், வழவழவென்று.
புரோகிராம் அதைத் தாண்டிப் போயிருந்தது.

'தழும்பு' என்று தட்டினேன்.
எண் மட்டும் என்றது கட்டம்.

பூஜ்யம் போட்டேன்.
அதுவும் திரையில்
கொஞ்சம் நீண்டுதான் விழுந்தது.