நாலு மெகாபைட் வஞ்சிரம்

"வட்டம் சுத்திக்கினே கீதும்மா" என்றார் தேசப்பன்,
கரையிலிருந்து ஏழு மைல் தள்ளி,
ஒற்றைக் கோடு சிக்னலில்.
அவருக்கு வேண்டியது ஒரே ஓர் எண்:
காசிமேட்டில் இன்று வஞ்சிரம் கிலோ என்ன விலை.
நான் அனுப்பிக்கொண்டிருந்தது
நாலு மெகாபைட் வஞ்சிரம்.
சங்கத் தலைவர் ஆசைப்பட்டு எடுக்கச் சொன்ன படம்,
செதில் செதிலாக எண்ணலாம்.
அதற்கும் கீழே, கடைசியில், விலை.

தண்டையார்பேட்டை, இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே கண்டெய்னர் லாரிகள்
துறைமுக வாசல் வரை வரிசை.
முன்னால் ஒன்று நகர்ந்தால்
பின்னால் ஒன்று அரை அடி நகரும்.
என் சர்வர் வாசலிலும் அதே வரிசைதான்,
காலை ஏலம் தொடங்கும் நாலு மணிக்கு.
மாதக் கடைசியில் ஹோஸ்டிங் பில்
ஐஸ் பில்லைத் தொட்டபோது
பொருளாளர் மரியசெல்வி கேட்டார்:
"காத்துல போறதுக்கா இவ்ளோ காசு?"

வெள்ளிக்கிழமை இரவு சுருக்கத்தை இயக்கினேன்.
பூசணிக்காய் உடைக்கவில்லை. மூன்று வரி, ஒரு சேமிப்பு.
ஏழு வருட விலைப்பட்டியல்
வஞ்சிரம் சங்கரா கிழங்கான்
வஞ்சிரம் சங்கரா கிழங்கான்
என்று நீண்டு கிடந்ததை
இயந்திரம் ஒருமுறை படித்துவிட்டு
மற்ற இடங்களில் எல்லாம் எழுதிக்கொண்டது:
"அதேதாம்பா, பின்னால போய்ப் பார்."
எங்கள் தெருவில் ஒரு நாளையே
இந்த ஒரு வார்த்தையில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு.

படத்தையும் சிறிதாக்கினேன். அது வேறு கதை.
அதில் போன செதில் திரும்பாது, போகட்டும்.
விலையில் ஒரு புள்ளி இடம் மாறினால்
சங்கத்தின் மானம் இதே துறைமுகத்தில் கப்பலேறும்.
அதனால் எண்களை மடிக்கலாம், கிள்ளக் கூடாது.

முன்பெல்லாம் இரவு இரண்டுக்குத் தொடங்கும் காப்புப் பிரதி
ஆறரைக்கு, மீன் கூடைகள் காலியான பிறகு,
"இடமில்லை" என்று சொல்லிப் படுத்துவிடும்.
இப்போது பதினோரு நிமிடம்.
ஒன்பது நாள் மட்டும் அடங்கிய அதே வட்டில்
மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறது, இன்னும் இடம் கேட்காமல்.
வாரம் ஒருமுறை அதை டிபன் பாக்ஸில் போட்டு
மரியசெல்வி பெரம்பூருக்கு எடுத்துப் போவார்.

டிசம்பரில் சங்கத்து அறையில் இடுப்பளவு தண்ணீர்.
கம்ப்யூட்டர் தலைகீழாக மிதந்தது.
டிபன் பாக்ஸ் தலைமேல் வந்தது.
என் மேசையில் வட்டைச் செருகி
இருவரும் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கருவாட்டை எத்தனை நாள் ஊறவைத்தாலும் மீனாகாது.
இது ஆனது. ஒரு பைசா குறையாமல்,
கிழங்கானுக்கு யாரோ போட்ட எழுத்துப் பிழை உட்பட.

சரிபார்க்கும்போதுதான் அந்தக் கோப்பைப் பார்த்தேன்.
கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள்.
நாற்பத்தியொரு வரி.
மற்றதெல்லாம் பத்தில் ஒன்றாக ஒடுங்கியிருக்க,
இது மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது.
எந்தப் பெயருக்கும் "அதேதாம்பா" சொல்ல
இயந்திரத்துக்கு இடம் கிடைக்கவில்லை.
ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது, "மகன்".
அதை மட்டும் சுருக்கியிருந்தது.

மரியசெல்வி திரையைப் பார்த்தார்,
எட்டாவது வரியில் விரலை வைத்தார், எடுத்தார்.
"இது ரெண்டு காப்பி இருக்கட்டும்" என்றார்.

வெள்ளம் வடிந்த நாலாம் நாள் போன்.
"தொறந்துச்சுமா. பட்டுனு தொறந்துச்சு.
ஆனா இன்னா விலை இது?
இதைப் பாக்கவா இம்மா நேரம் நின்னேன்?"
என்ஜின் சத்தம் கேட்டது.
தேசப்பன் படகைத் திருப்பிக்கொண்டிருந்தார்,
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.