சாதுவான கட்டி

பதினொரு வருடம் முன்பு
டூங்காபி வீட்டுக் கூரைத் தவாளியில் இலை அள்ளப் போய்
ஏணியோடு விழுந்த அன்றுதான்
அது எங்களுக்குத் தெரிந்தது.
எலும்பு ஒன்றும் முறியவில்லை.
மூளைக்கு வெளியே, அதன் உறையில், கடலை அளவில் ஒன்று.
தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர்
சற்று யோசித்துச் சொன்னார்:
"சாதுவான கட்டி, அம்மா."

சாது மிரண்டால் என்று தொடங்கும் பழமொழியை
முடிக்காமலே
அன்றிரவு முழுக்கப் படுத்திருந்தேன்.

வருடத்துக்கு ஒரு ஸ்கேன்.
பதினான்கு மில்லிமீற்றர். பதினான்கு. பதினான்கு.
திரும்பும் வழியில் பெண்டில் ஹில்லில் கொத்து ரொட்டி.
வீட்டில் சண்டை வந்தால்
"நானில்லை, அவன் கதைக்கிறான்" என்பார்
உச்சந்தலையைத் தொட்டு.

இடையில் இடது சிறுநீரகம் போனது.
அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை என்றால் நம்புவீர்களா?
முழுசா எடுத்தாச்சு என்றார்கள்.
மற்றது இருக்கிறதே என்றோம்.
பயம் முழுவதும் தலைக்கே செலவாகிவிட்டது,
விலாவுக்கு மிஞ்சவில்லை.

போன மாசி, ஞாயிறு, நாற்பது பாகை வெயில்.
குளியலறையில் பழைய துவாயைத் தோளில் போட்டு
அவருக்கு டை பூசிக்கொண்டிருந்தேன்.
வலது காதுக்கு மேலே
கையுறைக்குள் என் விரல்
மெத்தென்ற ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.
அது துடித்தது.
டை ஊற இருபத்தைந்து நிமிடம்.
இருபத்தைந்து நிமிடமும் நான் சொல்லவில்லை.

அவன்தான் வளர்ந்துவிட்டான் என்று நினைத்தோம்.
பதினொரு வருடம் சோறு போட்டதற்கு இதுவா என்று
மனதுக்குள் திட்டவும் செய்தேன்.

டொக்டர் ஃபரெல் திரையைத் திருப்பினார்.
மண்டையோட்டில் வளைந்து வளைந்து ஓடும் தையல்.
தலையெழுத்து என்பது இதுதானா?
டொக்டர்மாரின் எழுத்தைவிட மோசம்.
அந்த வரிக்குக் கீழே
கறையான் தின்ற கடதாசி போல ஓர் ஓட்டை.
இது சிறுநீரகம் என்றார்.
எலும்புக்குள் சிறுநீரகமா?
இரத்தத்தில் ஏறி
ஆறு வருடம் கழித்து இறங்கியிருக்கிறதாம்,
விலாசம் தெரிந்த ஆள் மாதிரி.

தவநேசன் கேட்ட முதல் கேள்வி:
"அப்ப மற்றவன்?"
டொக்டருக்கு விளங்கவில்லை.
நான் கையால் காட்டினேன், மேலே, மற்றப் பக்கம்.
"ஓ, அதுவா," என்றார்.
அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்.

முகத்தை அச்செடுத்து வலை போல ஒரு பிளாஸ்டிக் முகமூடி.
அதை மேசையோடு பூட்டி ஐந்து நாள் கதிர்.
முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள்.
எந்தத் தொட்டியில் போடுவது,
சிவப்பு மூடியா மஞ்சள் மூடியா என்று
அவர் தாதியிடம் உண்மையாகவே கேட்டார்.
இப்போது கராஜில், ஏணிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.
கார் எடுக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

காதுக்கு மேலே கையகலத்துக்கு மயிர் கொட்டிவிட்டது.
மிச்சத்துக்கு டை பூசு என்கிறார்.
போத்தலில் பாதி கிடக்கிறது.

இன்று வந்த அறிக்கை நான்கு பக்கம்.
மகன் நிருஜன் வந்து வாசிக்கும்வரை
திறக்க வேண்டாம் என்றார்.
திறந்தேன்.
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்
எனக்குத் தெரிந்த வரியைத் தேடினேன்.
மூன்றாம் பக்கத்தில், அடியில் இருந்தது:
பதினான்கு மில்லிமீற்றர். மாற்றமில்லை.

இரண்டு தரம் வாசித்தேன்.
பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு
வாங்கோ என்று கூப்பிட்டேன்.